ஒரு கிலோ துறக்க ஒரு லட்சம்

மேல்சித்தாமூரில் பிளஸ் ஒன் படிக்கும் தம்பிக்கு,

ரோடு சைக்கிள் பந்தயத்தில் இறங்க உனக்கு ஆசை. பேஷ். அதற்கு வேண்டியவை மூன்று: நல்ல தொடை, நல்ல நுரையீரல், வலியைப் பொறுக்கிற பிடிவாதம். மூன்றும் உன்னிடம் இருக்கின்றன. பின்னால் தங்கச்சியை உட்கார வைத்துக்கொண்டு, எதிர்காற்றில் திண்டிவனம் - செஞ்சி சாலையில் மிதிக்கிறவனிடம் இவை இல்லாமல் போகாது. மீதியெல்லாம் பணம் கொடுத்தால் கடையில் கிடைக்கும். பணம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் பந்தய விதிப்புத்தகத்தில் போடவில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தக் கடிதம்.

உன் ஊரும் இதற்குத் தோதான ஊர்தான். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் அங்கே இருக்கிறது. பார்சுவநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவன் நீ. எதையும் உடைமையாக வைத்துக்கொள்ளாத அபரிக்கிரகம் சமணத்தின் ஐந்து பெரிய விரதங்களில் ஒன்று என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திகம்பர முனிவருக்குச் சொத்து என்றால் மயிற்பீலியும் கமண்டலமும். வாகனம் ஏறமாட்டார், நடைதான். தலைமுடியைக்கூடக் கையாலேயே பிடுங்கிவிடுவார்.

நீ சேரப்போகிற உலகமும் துறவிகளின் உலகம்தான், பயப்படாதே. அங்கேயும் கால் முடியை மழிக்கிறார்கள். பட்டினி கிடக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறார்கள். சைக்கிளிலிருந்து ஒவ்வொரு கிராமாகத் துறக்கிறார்கள். முனிவருக்குத் துறக்கச் செலவில்லை. இவர்களுக்கு ஒரு கிலோ துறக்க ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது. வேறு வித்தியாசம் இல்லை.

முதலில் உன் கையிருப்பைப் பார்ப்போம். அரசு கொடுத்த சைக்கிள் ஒன்று. 2001-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, சில வருடங்களில் பிளஸ் ஒன் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம். 2022-இல் மட்டும் 6.35 லட்சம் பேருக்கு 323 கோடி ரூபாயில் கொடுத்தார்கள். தலைக்கு ஐயாயிரம் ரூபாய் சொச்சம். இந்தத் திட்டத்தைக் கேலி செய்கிறவன் நாக்கில் கிரீஸ் தடவ வேண்டும். பஸ் வராத ஊரிலிருந்து எத்தனையோ பெண்களைப் பத்தாம் வகுப்போடு நிற்காமல் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி அது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற்றியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சைக்கிளின் அருமை தெரிந்த மாநிலம்தான் இது.

ஆனால் உன் வண்டியை ஒரு பந்தயக்காரன் கண்ணால் பார். எடை ஏறக்குறைய இருபது கிலோ. ஒரே கியர். முன்னும் பின்னும் மட்கார்டு, செயின் கவர், கேரியர், பெல், ஸ்டாண்டு. வந்த கையோடு கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் நட்டையெல்லாம் ஒருமுறை முறுக்கி, ஸ்போக்ஸைச் சரிபார்த்து வாங்கிய செலவு தனி. இந்தச் சாமான்களில் ஒன்றுகூடப் பந்தய சைக்கிளில் கிடையாது. மட்கார்டு இல்லாததற்கு ஒரு விலை, கேரியர் இல்லாததற்கு ஒரு விலை, ஸ்டாண்டு இல்லாததற்கு இன்னொரு விலை. எல்லாம் இருந்தால் ஐயாயிரம். ஒன்றுமே இல்லாவிட்டால் பன்னிரண்டு லட்சம். பொருள் குறையக் குறைய விலை ஏறுகிற சந்தைக்குள் கால் வைக்கிறாய், கவனம்.

உனக்கு என்று ஒரு பந்தயம் இருக்கத்தான் செய்கிறது. அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி, செப்டம்பரில் மாவட்டந்தோறும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. பையன்களுக்குப் பதினைந்து அல்லது இருபது கிலோமீட்டர், பெண்களுக்குப் பத்து அல்லது பதினைந்து. முதல் பரிசு 5,000, இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. நாலாவதிலிருந்து பத்தாவது வரை வந்தவர்களுக்குத் தலைக்கு 250 ரூபாய். இந்தியாவில் செய்த, சாதாரணக் கைப்பிடி வைத்த சைக்கிள்தான் ஓட்டலாம்; சைக்கிளை நீயே கொண்டுவர வேண்டும்; வயதுச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் எடுத்துவர வேண்டும்; வழியில் ஏதாவது ஆனால் நீயே பொறுப்பு.

இதில் சைக்கிளைப் பற்றிய விதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எல்லாரும் ஒரே மாதிரி வண்டியில் வா, காலில் தெம்பு இருக்கிறவன் ஜெயி. இதைவிட நேர்மையான விதி இந்த விளையாட்டில் எங்கும் கிடையாது. உன் வாழ்நாளிலேயே பணக்காரப் பையனோடு ஒரே கோட்டில், ஒரே வண்டியில் நிற்கிற ஒரே காலைப்பொழுது அது. அதனால்தான் வருடத்துக்கு ஒரே ஒரு காலையோடு முடித்துவிடுகிறார்கள் போல. அதிகமானால் பழகிவிடும்.

பந்தயம் விழுப்புரத்தில் என்று வை. உன் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். சூரியன் கிளம்பும் நேரத்தில் நீ கோட்டில் நிற்க வேண்டும். சைக்கிளை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். குட்டியானை வைத்துக் கொண்டுபோனால் வாடகைக்கே ஆயிரம் இரண்டாயிரம் போய்விடும். அதனால் முதல்நாள் சாயங்காலமே மிதித்துப் போய்த் தெரிந்தவர் வீட்டில் படுப்பாய். இல்லையென்றால் நடுராத்திரி கிளம்புவாய். இருபது கிலோமீட்டர் பந்தயத்துக்கு நாற்பது கிலோமீட்டர் வார்ம்-அப். அந்தக் காலோடு ஓட்டி ஏழாவதாக வந்தால் வங்கிக் கணக்கில் இருநூற்றைம்பது ரூபாய். இதை ஊக்கத்தொகை என்கிறார்கள். திண்டிவனத்தில் நல்ல டயர் ஒன்று வாங்கவே இது காணாது. திரும்பி வருகிற நாற்பது கிலோமீட்டரில் பஞ்சர் ஆகாமல் இருந்தால் லாபம்.

சரி, ஜெயித்தே விட்டாய். முதல் பரிசு. படம்கூடப் பேப்பரில் வந்தது. பதினேழு வயதும் முடிந்தது. அடுத்தது என்ன?

அடுத்தது ஒன்றுமில்லை. ஏணியில் அடுத்த படி இருபதடி உயரத்தில் இருக்கிறது. மாநில அணித் தேர்வு, தேசிய ரோடு சாம்பியன்ஷிப், பெரிய கம்பெனிகள் ஈசிஆரில் நடத்தும் லட்சக்கணக்கில் பரிசுள்ள பந்தயங்கள் எல்லாம் மேலே இருக்கின்றன. அங்கே வளைந்த கைப்பிடியும் இருபது சொச்சம் கியரும் உள்ள ரோடு பைக்கில்தான் வருவார்கள். நேற்றுவரை அரசு விதிப்படி உனக்குத் தடைசெய்யப்பட்டிருந்த அதே வண்டி, இன்றைக்குக் காலையிலிருந்து கட்டாயம். வளைந்த கைப்பிடியைப் பிடித்தே பார்த்திராதவன், எட்டு வயதிலிருந்து அதைப் பிடித்து வளர்ந்தவனோடு மோத வேண்டும். இதற்குப் பெயர் திறமைத் தேடல்.

இனி விலைப்பட்டியல். ரூபாயில் சொன்னால் உனக்கு உறைக்காது, உன் அம்மாவின் கூலியில் சொல்கிறேன். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக்கூலியும் கையில் வந்தால் வருடத்துக்கு 33,600. இரண்டுமே நடப்பதில்லை, இருந்தாலும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

ஆரம்பநிலை ரோடு பைக், அலுமினியச் சட்டம், பத்துப் பத்தரைக் கிலோ: முப்பத்தைந்து நாற்பதாயிரம். அம்மாவின் ஒரு வருடம். இதை வாங்கிக்கொண்டு போய் நின்றால், "இது பழகுறதுக்கு ஓகே" என்பார்கள்.

பந்தயத்தில் ஓரளவு மரியாதையாக நிற்கிற வண்டி: ஒன்றரை லட்சம். நாலரை வருடம்.

மேல்தட்டுக் கார்பன் வண்டி, ஏழு கிலோவுக்குள், பட்டனைத் தொட்டால் கியர் மாறும்: பன்னிரண்டு லட்சம் தாண்டும். முப்பத்தைந்து வருடம். அதாவது உன் அம்மா இன்றைக்குத் தொடங்கி, சாப்பிடாமல், மாத்திரை வாங்காமல், யாருக்கும் மொய் எழுதாமல் மண் சுமந்தால் உனக்கு ஐம்பத்தொரு வயதாகும்போது கடைக்குப் போகலாம். மூத்தோர் பிரிவு இருக்கிறது, கவலை வேண்டாம்.

வண்டியோடு முடிந்ததா? பெடலில் கொக்கி மாட்டுகிற ஷூவும் அதற்கேற்ற பெடலும்: முப்பத்தைந்து நாள். ஹெல்மெட்: பதினைந்து நாள். பஞ்சு வைத்த லைக்ரா கால்சட்டையும் ஒட்டிய சட்டையும்: இன்னொரு பதினைந்து நாள். காலின் பலத்தை வாட்ஸில் அளந்து சொல்லும் பவர் மீட்டர், ஐம்பதாயிரம்: ஒன்றரை வருடம். உன் காலுக்கு எவ்வளவு பலம் என்று உனக்கே தெரியும். ஆனால் மீட்டர் சொன்னால்தான் செல்லும். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே மிதிக்க ஸ்மார்ட் டிரெய்னர். வீடு ஒழுகாமல் இருக்க வேண்டும் என்பது அதற்கு மறைமுக நிபந்தனை. உட்காரும் உயரத்தையும் கைநீட்டத்தையும் அளந்து வண்டியைப் பொருத்திக் கொடுக்கும் நிபுணருக்குத் தனிக் கட்டணம். உன் சைக்கிளுக்கு அந்த வேலையைப் பஞ்சர் கடைக்காரர் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு, "ஏறி உக்காருடா" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பார்.

தின்பதற்கு ஜெல் உண்டு. பல்பொடி பாக்கெட் அளவில் ஒரு சாஷே, உள்ளே சர்க்கரைப் பாகு, விலை நூறு நூற்றிருபது ரூபாய். மூன்று மணி நேர ஓட்டத்துக்கு ஐந்து வேண்டும். அம்மாவின் இரண்டு நாள் கூலியை மூன்று மணி நேரத்தில் சப்பித் தூக்கிப் போட்டுவிடலாம். உன் ஊரைச் சுற்றிலும் வேர்க்கடலை விளைகிறது. கடலை மிட்டாயும் வாழைப்பழமும் ஜேபியில் போட்டுக்கொண்டால் அதே சக்தி வரும். ஆனால் கடலை மிட்டாயில் ஆங்கிலத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. உடம்பு எப்படி நம்பும்?

இதிலே ஒரு வேடிக்கை. சமதரையில் வேகமாகப் போகும்போது மிதிக்கிறவன் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. காற்றைப் பெரும்பாலும் தடுப்பது வண்டி இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிற உடம்பு. முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சம். எடை குறைந்த வண்டியின் அருமை மலை ஏறும்போதுதான் தெரியும். திண்டிவனம் சுற்றுவட்டாரச் சாலைகளில் ஏறுவதற்கு மேம்பாலத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு வந்து இங்கே இறங்குகிற வண்டிகளைப் பார். அரைக்கிலோ குறைக்க இரண்டு லட்சம் கொடுத்திருப்பார்கள். அதே அரைக்கிலோவை வண்டிக்காரர் தன் இடுப்பில் இலவசமாகக் குறைத்திருக்கலாம். குறைக்கச் சொன்னால் கோபம் வரும்.

இவர்களைக் குறை சொல்லவில்லை. அவரவர் காசு, அவரவர் கால். காருக்குள் கிடக்காமல் வேர்க்கிறார்களே, அதுவே பெரிசு. எனக்குப் பொறுக்காதது இவர்கள் சொல்லும் ஒரே ஒரு வாக்கியம்: "வேண்டியது ஆர்வம்தான் பாஸ், மத்ததெல்லாம் தானா வரும்." யாருக்குத் தானாக வந்தது? பால் கேனை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இவர்களை ஒட்டிக்கொண்டே நாலு கிலோமீட்டர் வருகிற பையனைப் பார்த்து, "செம்ம தம்பி" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அடுத்த டீக்கடையில் உட்கார்ந்து, "நம்ம நாட்டுல டேலண்ட் இல்ல" என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த டேலண்ட் பின்னாலேயே வந்தது, பால் ஊற்ற வேண்டிய வீடு வந்ததும் திரும்பிப் போய்விட்டது.

இனி பெரிய மனிதர்களிடம் வருவோம். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ, 1996-இல் லுகானோ சாசனம் என்று ஒன்று வெளியிட்டது. இயந்திரத்தைவிட மனிதனே முதன்மை, வீரர்கள் சமநிலையில் மோதுவதே இந்த விளையாட்டின் பொருள் என்பது அதன் சாரம். நெஞ்சை நெகிழவைக்கும் சாசனம். 2000-இல் பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதியும் போட்டார்கள். எடைக்குக் கீழ்வரம்பு வந்தது. விலைக்கு மேல்வரம்பு? கேட்கக்கூடாது. 6.8 கிலோவுக்குள் எத்தனை லட்சத்தை அடைப்பது என்பது அவரவர் தெய்வ பலம்.

நம் மத்திய அரசுக்கும் மனிதன்தான் முதன்மை. 2023 பட்ஜெட்டில் வெளிநாட்டு சைக்கிளுக்கான சுங்க வரியை முப்பதிலிருந்து முப்பத்தைந்து சதவீதமாக ஏற்றினார்கள். உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றவாம். நல்லது. சீனாவுக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே அதிக சைக்கிள் செய்யும் நாடு இது. அம்பத்தூரில் 1949-இலேயே டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியாயிற்று, உன் தாத்தா ஓட்டிய ஹெர்குலஸ் அங்கிருந்து வந்தது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் பந்தயத் தரக் கார்பன் சட்டத்துக்கும் கியருக்கும் பெரும்பாலும் கப்பலை எதிர்பார்த்துத்தான் நிற்கிறோம். வயல் இல்லாத இடத்தில் வேலி போட்டு, வேலிக்கு வரி வசூலிக்கிறார்கள்.

பிறகு 2025 செப்டம்பரில் மனம் இளகி, சைக்கிளுக்கான ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். யாருக்கு என்ன லாபம் என்று பார். உன் சைக்கிளுக்கு நீ காசு கொடுக்கவில்லை, உனக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்குகிறவருக்கு ஏறத்தாழ எழுபத்தையாயிரம் மிச்சம். அவருக்குத் தள்ளுபடியாகக் கிடைத்த தொகையில் உனக்கு இரண்டு ரோடு பைக் வாங்கியிருக்கலாம்.

உதவியே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2023-இல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வந்தது. கம்பெனிகளிடமும் பொதுமக்களிடமும் நிதி திரட்டி, வீரர்களுக்குக் கருவி வாங்க, வெளிநாடு போக உதவுகிறது. பல பிள்ளைகள் பயன்பட்டிருக்கிறார்கள். ஆனால் உதவி எப்போதும் பதக்கத்துக்குப் பின்னால்தான் வருகிறது. தேசிய அளவில் ஜெயித்த பிறகு, ஜெயித்தவளின் அப்பா கூலித்தொழிலாளி என்று பத்திரிகைக்காரர் கண்டுபிடித்து எழுதிய பிறகு, சைக்கிள் வரும். கூடவே போட்டோகிராபரும் வருவார். அதுவரை எந்த சைக்கிளில் ஜெயிப்பது? கடனில் வாங்கியதில். நகையை அடகு வைத்து வாங்கியதில். சீனியர் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த பழையதில். முதலில் மீனைப் பிடித்துக் கொண்டுவா, பிறகு தூண்டில் தருகிறோம் என்கிற தர்மம் இது. வெறுங்கையால் மீன் பிடித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். பிடிக்க முடியாமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

பயிற்சி எங்கே எடுப்பாய்? சாலையில்தான். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்த சைக்கிள்காரர்கள் 4,800-க்கு மேல். அதில் பந்தயக்காரர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலும் வேலைக்குப் போனவர், பால் ஊற்றப் போனவர், பள்ளி விட்டு வந்தவர். நாலுவழிச் சாலை போடும்போது சென்டர் மீடியனில் அரளிச்செடி நட இடம் ஒதுக்கினார்கள், சைக்கிளுக்கு ஒதுக்கவில்லை. அரளிச்செடி பந்தயத்துக்குப் போகாது என்றாலும் அதற்குத் தண்ணீர் லாரி உண்டு.

இப்போது கேலியை நிறுத்துகிறேன்.

இந்த மண்ணில் யார் சைக்கிள் மேல் உட்காரலாம் என்பது விலையில் தொடங்கிய கேள்வி இல்லை. ஆதிக்க சாதியினர் வாழும் ஊர்த் தெரு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தள்ளியபடியே கடந்து போன மனிதர்கள் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இறங்காமல் போனதற்கு அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்து மிதிப்பதே ஒரு கலகமாக இருந்த நாடு இது. அந்தத் தெருக்களில் இறங்காமல் போகும் உரிமையைச் சண்டை போட்டு வாங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அரசு சைக்கிளும் கொடுத்தது. ஆனால் அந்த சைக்கிளில் எங்கே வரை போகலாம் என்பதற்கு ஒரு கோடு இருக்கிறது. பள்ளி வரை போகலாம், வேலை வரை போகலாம். வேகமாகப் போகலாம் என்று நினைத்தால் நிறுத்தி இறங்கச் சொல்கிறார்கள். முன்பு இறங்கச் சொன்னவனுக்கு முகம் இருந்தது, எதிர்த்து நிற்க முடிந்தது. இப்போது இறங்கச் சொல்வது விலைச்சீட்டு. அதோடு சண்டை போட முடியாது, அதன்மேல் வழக்கும் போட முடியாது. "யாரும் தடுக்கலையே, திறமை இருந்தா வாங்க" என்று பல்லைக் காட்டுவார்கள்.

இந்த விளையாட்டின் மிகப் பெரிய பந்தயம் பிறக்கும்போது பணக்காரர்களுடையதாக இருந்ததில்லை. 1903-இல் டூர் டி பிரான்ஸ் முதன்முதலில் நடந்தபோது நுழைவுக்கட்டணம் இருபது பிராங்க் வைத்தார்கள். பதினைந்து பேர்தான் பெயர் கொடுத்தார்கள். நடத்திய லோட்டோ பத்திரிகைக்குப் பயம் வந்தது. கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தது. குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டினால் முதல் ஐம்பது பேருக்கு நாளுக்கு ஐந்து பிராங்க் படியும் தருவதாக அறிவித்தது. அறுபது பேர் வந்தார்கள். ஜெயித்த மோரீஸ் கரேன் ஒரு காலத்தில் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டியவர். அந்தப் பத்திரிகை ஒன்றும் தர்மச்சத்திரம் நடத்தவில்லை, பேப்பர் விற்கத்தான் பந்தயம் வைத்தது. லாபத்துக்குக் கடை விரித்தவனுக்கே, ஏழையின் காலுக்குச் செலவு செய்தால்தான் பந்தயம் நடக்கும் என்று 1903-இல் தெரிந்திருந்தது. மக்கள் நல அரசுகளுக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தக் கால்கள் இன்றும் இருக்கின்றன. 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சை பனியனை எடுத்தவர் எரித்ரியாவின் பினியம் கிர்மாய். கொலம்பிய மலைக்கிராமத்தில் கனமான பழைய சைக்கிளில் பள்ளிக்கு மிதித்த நைரோ கின்தானா, இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவை வென்றார். அவ்வளவு தூரம் போவானேன்? அந்தமான் நிக்கோபாரைப் பார். சுனாமியில் தப்பிப் பிழைத்த சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்டு அங்கிருந்து வந்தார். ஈசோ ஆல்பன் அங்கிருந்து வந்தார். 2019-இல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலக டிராக் சாம்பியன்ஷிப்பில் அவர் இருந்த இந்திய அணி டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றது. இவர்கள் யாரும் பன்னிரண்டு லட்சத்தோடு பிறக்கவில்லை. ஒரு கட்டத்தில் யாரோ சரியான வண்டியைக் கையில் கொடுத்தார்கள், பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை நிறுத்தினார்கள். அதற்கு மேல் மாயம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்படிச் செய்ய இங்கே எவ்வளவு ஆகும்? ஒரு மாவட்டத்துக்குப் பத்து ஆரம்பநிலை ரோடு பைக், ஒன்று நாற்பதாயிரம் என்றால் நாலு லட்சம். அண்ணா பிறந்தநாள் பந்தயத்தில் நன்றாக ஓட்டுகிற பத்துப் பிள்ளைகளுக்குப் பரிசுப் பணத்தை நீட்டுவதோடு நிற்காமல், ஒரு வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பித் தா என்று வண்டியைக் கொடுக்கலாம். 38 மாவட்டத்துக்கும் சேர்த்து ஒன்றரைக் கோடி. 2022-இல் பள்ளிக்கூட சைக்கிளுக்குச் செலவழித்த 323 கோடியில் இது அரை சதவீதம்கூட வராது. ஹெல்மெட், டயர், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து நாலு மடங்கு ஆகட்டும், ஆறு கோடி. விழாப் பந்தலுக்கும் பேனருக்கும் போகிற காசை நினைத்தால் இதைத் தொகை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இதற்கு உலக வங்கிக் கடன் வேண்டாம், நிபுணர் குழு வேண்டாம். யாராவது ஒருவர் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடம் யாருக்கும் பேனா கிடைக்கவில்லை.

அதுவரை நீ என்ன செய்வது என்று கேட்பாய். ஓட்டு. சைக்கிளிலிருந்து யார் இறங்கச் சொன்னாலும் இறங்காதே. ஜெல்லுக்கும் பவர் மீட்டருக்கும் ஏங்காதே, அவை இல்லாமலும் கால் வளரும். பழைய ரோடு பைக் வைத்திருக்கும் சீனியர்களைத் தேடிப் பிடித்துக் கேள், வெட்கப்படாதே. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் தங்கச்சிக்கும் இதையே சொல். பெண்கள் பந்தயத்தில் வரிசை இன்னும் சின்னது. அவளுக்கு ஒரு சரியான வண்டி கிடைத்தால் உன்னை முந்திவிடுவாள்.

1964 டோக்கியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஒரு இந்தியர்கூட சைக்கிள் மிதித்ததில்லை. நாலு வருடத்துக்கு ஒருமுறை கோட்டு போட்ட ஒருவர் டிவியில் உட்கார்ந்து, "நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் நாட்டில் ஒருவர்கூட இல்லையா?" என்று மேசையைத் தட்டுவார். அடுத்த முறை அவர் தட்டும்போது நீ திருப்பிக் கேள்: அந்த நூற்று நாற்பது கோடியில் என்னையும் எதற்குச் சேர்த்தாய்? சைக்கிளைக் காட்டாமல் கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தவனை, தோற்றுப்போனவர்கள் கணக்கில் மட்டும் சேர்த்து எண்ண உனக்கு என்ன உரிமை?